திங்கட்கிழமைகளில் மட்டும் எழாத காரும் யூனி-டி யூடி210இ கிளாம்ப் மீட்டரும்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு அன்றாடம் வேலைக்குப் போய்வரும் எங்கள் பெட்ரோல் கார், செவ்வாய் முதல் வெள்ளி வரை சாவியைத் திருப்பிய உடனே எழுந்துவிடும். திங்கட்கிழமை காலைகளில் மட்டும் டக், டக் என்ற ஓசையோடு அடங்கிவிடும். முதல் முறை இப்படி ஆனபோது பேட்டரிக்கு நான்கு வயது முடிந்திருந்தது. பேட்டரிக் கடைக்காரர் மீட்டரை வைத்து 11.6 வோல்ட் என்று காட்டி, பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது என்றார். நானும் மறுபேச்சில்லாமல் 35 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள புதுப் பேட்டரி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். மூன்றாவது வாரத் திங்கட்கிழமையன்று அந்தப் புதுப் பேட்டரியும் அதே டக், டக் ஓசையைத்தான் எழுப்பியது.

உத்தரவாத அட்டையோடு கடைக்குத் திரும்பப் போனேன். அவர்கள் பேட்டரியை ஒரு நாள் வைத்திருந்து, சார்ஜ் ஏற்றி, சோதித்து, குறை ஒன்றும் இல்லை என்று கையில் கொடுத்துவிட்டார்கள். அடுத்து ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரிடம் போனேன். எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்து பார்த்துவிட்டு, "டைனமோ 13.9 ஏத்துது சார், அதுல ஒண்ணும் இல்ல, ஸ்டீரியோதான் இழுக்குது" என்றார். டைனமோ என்பது எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி; 13.9 என்பது வோல்ட். ஸ்டீரியோவைக் கழற்றி அலமாரியில் வைத்தோம். திங்கட்கிழமை மாறவில்லை. பேட்டரி நல்லது, டைனமோ நல்லது, ஆனால் கார் மட்டும் எழவில்லை என்ற நிலையில்தான், அளக்க வேண்டிய ஒன்றை இதுவரை ஒருவரும் அளக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. நின்றுகொண்டிருக்கும் கார், சாவி வெளியே இருக்கும்போதே, பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்பியர் குடிக்கிறது என்பதுதான் அது. யூனி-டி நிறுவனத்தின் யூடி210இ என்ற சிறிய கிளாம்ப் மீட்டரை ஏறத்தாழ 4,000 ரூபாய் கொடுத்து வாங்கியது அதற்காகத்தான். எட்டு மாதமாகப் பயன்படுத்திய பிறகு அதைப் பற்றி எழுதுகிறேன்.

சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டும் இதை அளக்கலாம் என்று பலர் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அதற்கு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை நுழைத்து, காரின் மின்னோட்டம் முழுவதும் மீட்டரின் வழியாகவே ஓடும்படி செய்ய வேண்டும். முனையைக் கழற்றிய நொடியில் காரிலுள்ள கணினிகள் எல்லாம் அணைந்து, மீண்டும் இணைத்ததும் புதிதாக விழித்துக்கொள்கின்றன. அதனால் நாம் தேடும் குறையே சில வேளைகளில் தற்காலிகமாக மறைந்துவிடுகிறது. மீட்டர் இணைப்பில் இருப்பதை மறந்து யாராவது சாவியைத் திருப்பிவிட்டால், 10 ஆம்பியர் மட்டுமே தாங்கும் அதன் ஃபியூஸ் அந்தக் கணமே போய்விடும். கிளாம்ப் மீட்டரில் இந்தத் தொல்லை இல்லை. மின்னோட்டம் ஓடும் எந்தக் கம்பியைச் சுற்றியும் ஒரு காந்தப்புலம் இருக்கும். மீட்டரின் தாடைக்குள் இருக்கும் ஹால் உணரி அந்தப் புலத்தை அளந்து, ஆம்பியராக மாற்றிக் காட்டுகிறது. எதையும் கழற்ற வேண்டாம், கேபிளைத் தாடைக்குள் விட்டு மூடினால் போதும்.

வீட்டு வயரிங் செய்பவர்கள் இடுப்பில் மாட்டியிருக்கும் கிளாம்ப் மீட்டர்களில் பெரும்பாலானவை ஏசி மின்னோட்டத்தை (திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரத்தை) மட்டுமே அளப்பவை என்பதையும், அவற்றை கார் பேட்டரியின் கேபிளில் மாட்டினால் பூஜ்யத்தைத்தான் காட்டும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். யூடி210இ டிசியையும், அதாவது பேட்டரி தரும் ஒரே திசை மின்னோட்டத்தையும், அளக்கிறது. 2, 20, 100 ஆம்பியர் என்ற மூன்று அளவெல்லைகள் இதில் உண்டு. 2 ஆம்பியர் எல்லையில் ஒரு மில்லி ஆம்பியர் வரை இலக்கம் நகரும் என்பதுதான் இதன் சிறப்பு. பெரிய தொழிற்சாலைகளுக்கான கிளாம்ப் மீட்டர்கள் பலவற்றில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அளக்க முடியும். ஆனால் அவற்றின் மிகச் சிறிய படியே 10 அல்லது 100 மில்லி ஆம்பியராக இருப்பதால், நின்ற காரின் கசிவை அறிய அவை உதவுவதில்லை.

நல்ல நிலையில் உள்ள கார், கதவுகள் பூட்டி கணினிகள் உறங்கிய பிறகு, 50 மில்லி ஆம்பியருக்குக் கீழேதான் எடுக்க வேண்டும். கடிகாரத்துக்கும், ரிமோட் சாவியின் அழைப்புக்குக் காத்திருக்கும் பூட்டுக்கும், அலாரத்துக்கும் அது போதும். ஆனால் அந்த உறக்கம் உடனே வருவதில்லை. கதவை மூடிய பிறகு 20 நிமிடத்திலிருந்து 40 நிமிடம் வரை சில கணினிகள் விழித்தே இருக்கும். இந்தப் பொறுமை இல்லாமல் இரண்டாவது நிமிடத்தில் அளந்துவிட்டு, இரண்டு ஆம்பியர் இழுக்கிறது என்று பதறுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பானட்டைத் திறந்து வைத்து, ஓட்டுநர் கதவையும் திறந்து, அதன் பூட்டு நாக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால், கதவு மூடியிருப்பதாகக் கார் எண்ணிக்கொள்ளும். பிறகு கணினிகளை எழுப்பாமலே உள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டியை எட்டலாம். அளந்து முடியும்வரை நெகட்டிவ் முனையைக் கழற்றக் கூடாது என்பதையும், ரிமோட் சாவியைக் காருக்கு அருகில் வைக்கக் கூடாது என்பதையும் நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு மாலை, நாற்பது நிமிடம் காத்திருந்து, நெகட்டிவ் கேபிளில் மீட்டரை மாட்டியபோது 0.42 ஆம்பியர் என்று காட்டியது. அந்த எண்ணைப் பார்த்ததும் திங்கட்கிழமைப் புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. வெள்ளி மாலை ஆறு மணிக்கு நிறுத்தும் காரைத் திங்கள் காலை எட்டு மணிக்கு எடுக்கிறேன். இடையில் 62 மணி நேரம். அதை 0.42 ஆல் பெருக்கினால் 26 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் முக்கால் பங்கு அப்படியே போய்விடுகிறது. வார நாட்களில் ஓர் இரவுக்கு ஐந்தாறு ஆம்பியர்-மணிதான் கசியும் என்பதாலும், மறுநாள் 80 கிலோமீட்டர் ஓட்டத்தில் அது ஈடாகிவிடும் என்பதாலும் செவ்வாய் முதல் வெள்ளி வரை எந்த அறிகுறியும் தெரியவில்லை. பழைய பேட்டரியைக்கூட இந்தக் கசிவுதான் வாரந்தோறும் அடிவரை வற்றவைத்துக் கொன்றிருக்க வேண்டும். ஈய-அமில பேட்டரியை அப்படி மீண்டும் மீண்டும் வற்றவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, அதன் கொள்ளளவு திரும்பி வராது.

இதற்குப் பிறகு நடந்த தேடலில்தான் இந்தக் கருவியின் அருமை முழுதாகத் தெரிந்தது. வழக்கமாக ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது மின்னோட்டம் விழுகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் பிடுங்கித் திரும்பச் செருகும்போது உறங்கிய கணினி விழித்து, மறுபடியும் அரை மணி நேரம் காக்க வேண்டியிருக்கும். ஃபியூஸைப் பிடுங்காமலே அதன் தலையில் திறந்திருக்கும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளப்பது நல்ல வழி. மின்னோட்டம் ஓடும் ஃபியூஸில் சிறு வேறுபாடு தெரியும், ஓடாததில் பூஜ்யம். நான் அளந்த எல்லா ஃபியூஸிலும் ஏறத்தாழ பூஜ்யம்தான். டெல்டாக்காரனுக்குத் தெரிந்த முறையில்தான் அடுத்ததை யோசித்தேன். வயலில் நீர் ஏறவில்லை என்றால் ஒவ்வொரு வரப்பாகச் சுற்றாமல், தலைமடையிலிருந்து கிளை பிரியும் இடங்களில் எவ்வளவு நீர் போகிறது என்று பார்த்துக்கொண்டே கீழே வருவோம். பாசிட்டிவ் முனையிலிருந்து பிரியும் கேபிள்களை ஒவ்வொன்றாகத் தாடைக்குள் விட்டேன். ஃபியூஸ் பெட்டிக்குப் போவதில் 0.03. எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளில் பூஜ்யம். டைனமோவுக்குப் போவதில் 0.39.

டைனமோ என்று பட்டறைகளில் நாம் அழைப்பது உண்மையில் ஆல்டர்னேட்டர். அது உள்ளே ஏசி மின்சாரத்தை உண்டாக்கி, டயோடு பிளேட் வழியாக டிசியாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகிறது. அந்த டயோடுகள் ஒருவழிக் கதவுகள். மின்னோட்டம் வெளியே வரலாம், உள்ளே திரும்பக் கூடாது. சூட்டில் தேய்ந்த டயோடு கதவைச் சரியாக மூடாதபோது, எஞ்சின் நின்ற பிறகு பேட்டரியிலிருந்து மின்னோட்டம் பின்னோக்கி டைனமோவுக்குள்ளேயே போய் வீணாகிறது. பேட்டரியிலிருந்து டைனமோவுக்குப் போகும் வழி, காரின் உள்ளே இருக்கும் சிறு ஃபியூஸ்களைக் கடப்பதில்லை. அதனால்தான் அவற்றில் ஒன்றும் தெரியவில்லை. இந்த மீட்டர் திசையையும் காட்டும்: எஞ்சின் ஓடும்போது அதே கேபிளில் கூட்டல் குறியோடு தெரிந்த எண், எஞ்சின் நின்றதும் கழித்தல் குறியோடு தெரிந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள, எஞ்சினை ஓடவிட்டு முகப்பு விளக்குகளைப் போட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரி முனைகளில் அளந்தேன், 0.6 வோல்ட் காட்டியது. நல்ல டைனமோவில் இந்த ஏசி அலைவு மிகக் குறைவாக இருக்கும். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடுகளைச் சந்தேகிக்க வேண்டும். டிசியில் மட்டும் அளந்த எலக்ட்ரீசியனுக்கு 13.9 என்று தெரிந்தது பிழையான அளவு அல்ல. அந்த ஒரு எண்ணோடு நிறுத்திக்கொண்டதுதான் பிழை.

டயோடு பிளேட்டையும், கழற்றியதோடு கழற்றியதாகக் கார்பன் பிரஷ்களையும் மாற்றினோம். அன்று இரவு நெகட்டிவ் கேபிளில் 0.03 ஆம்பியர். அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமையும் தவறவில்லை. அடிவரை பலமுறை வற்றியிருந்தாலும் அந்தப் புதுப் பேட்டரி பிழைத்துக்கொண்டது. ஒரு முழு இரவு ஓய்வுக்குப் பின் காலையில் 12.6 வோல்ட் காட்டுகிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 அல்லது 12.7 இருக்கும்; 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் தகடுகளின் மேல் தங்கியிருக்கும் சார்ஜ் பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதால், இந்த எண்களைக் காலை அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

மீட்டரின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஹால் உணரிக்கு பூமியின் காந்தப்புலமும் ஒரு காந்தப்புலம்தான். 2 ஆம்பியர் எல்லையில் வைத்துக்கொண்டு கையைத் திருப்பினாலே, எந்தக் கம்பியும் உள்ளே இல்லாமலே, இலக்கங்கள் அசையும். ஆகவே ஒவ்வொரு முறையும், அளக்கப்போகும் கேபிளுக்கு அருகிலேயே, மாட்டும்போது எந்தத் திசையில் பிடிப்போமோ அதே திசையில் பிடித்து, ஜீரோ பொத்தானை அழுத்திய பிறகே மாட்ட வேண்டும்; அளந்து முடித்து வெளியே எடுத்ததும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்கவும் வேண்டும். திரும்பாவிட்டால் அந்த அளவை நம்ப வேண்டாம். 20 மில்லி ஆம்பியரை இது 15 என்றோ 27 என்றோ காட்டக்கூடும். நமக்குத் தெரிய வேண்டியது கசிவு 50-க்குக் கீழா, 400-க்குப் பக்கமா என்பதுதான் என்பதால், இந்த வேலைக்கு அது தடையாக இல்லை. மெல்லிய வயரில் சிறு மின்னோட்டத்தைத் துல்லியமாக அறிய வேண்டுமானால், வயரைத் தாடைக்குள் ஐந்து சுற்றுச் சுற்றி, வரும் எண்ணை ஐந்தால் வகுத்துக்கொள்ளலாம்.

சற்று நேரம் தொடாமல் விட்டால் மீட்டர் தானே அணைந்துவிடுவது, நாற்பது நிமிடம் காத்திருக்கும் இந்த வேலையில் எரிச்சலூட்டும். காத்திருக்கும் நேரத்தில் மீட்டரை மாட்டாமல், கணினிகள் உறங்கிய பிறகு ஜீரோ செய்து மாட்டுவதே சரியான ஒழுங்கு என்று பழகிக்கொண்டேன். தாடை 17 மில்லிமீட்டர்தான் திறக்கும். சிறிய காரின் பேட்டரி கேபிளுக்கு அது போதும். பெரிய டீசல் வண்டியில் இரண்டு மூன்று கேபிள்கள் ஒரே முனையில் கட்டுக்கட்டாகச் சேர்ந்திருந்தால் அவற்றை ஒன்றாகப் பிடிக்க முடியாது, தனித்தனியே அளந்து கூட்ட வேண்டும். 100 ஆம்பியருக்கு மேல் அளக்காது என்பதால், செல்ஃப் மோட்டார் சுற்றும்போது இழுக்கும் மின்னோட்டத்தை இதில் பார்க்க இயலாது; சிறிய காரிலேயே அது 100-ஐத் தாண்டும். அதற்குப் பதிலாக, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கலாம். 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியையோ செல்ஃப் மோட்டாரையோ சந்தேகிக்கலாம். ஆனால் முதல் கணத்துச் சரிவைப் பிடிக்கும் வேகம் இதன் இலக்கங்களுக்கு இல்லை. பேட்டரியில் இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்பதை அறிய, பேட்டரிக் கடையில் உள்ள சோதனைக் கருவியையோ, மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரையோதான் நாட வேண்டும்.

அதேவேளையில், பேட்டரி சார்ஜை ஏற்றுக்கொள்கிறதா என்பதை இது நன்றாகக் காட்டுகிறது. ஸ்டார்ட் ஆன உடனே நெகட்டிவ் கேபிளில் 20 ஆம்பியருக்கு மேல் உள்ளே போவதும், பேட்டரி நிறைய நிறைய அது படிப்படியாக ஓரிரு ஆம்பியருக்கு இறங்குவதும் இயல்பு. ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகும் 10 ஆம்பியர் இறங்காமல் நின்றால், பேட்டரி உள்ளுக்குள் கெட்டிருக்கலாம். தொட்டுப் பார்த்தால் சூடாகவும் இருக்கும்.

எல்லாக் குறைக்கும் இந்த மீட்டர்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எதிர்வீட்டு மாமாவின் காரில் பேட்டரி விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. டைனமோவை மாற்றச் சொல்லிவிட்டார்கள். எஞ்சினை ஓடவிட்டு டைனமோவின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே அளந்தால் 14.4 வோல்ட், பேட்டரியிலோ 13.3 மட்டுமே. பாசிட்டிவ் பக்கம் டைனமோ முனையிலிருந்து பேட்டரி முனைக்கு 0.1 வோல்ட் இழப்பு, அது சரிதான். நெகட்டிவ் பக்கம், டைனமோவின் உடலிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு, 1 வோல்ட் இழப்பு. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டை பச்சை பூத்து இற்றுப் போயிருந்தது. இருநூறு ரூபாய் பட்டை ஒன்றை மாற்றி, உட்காரும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்ததும் விளக்கு அணைந்தது. இதற்குத் தேவைப்பட்டது வோல்ட் மீட்டர் மட்டுமே. ஐந்நூறு ரூபாய் மல்டிமீட்டரே இந்த வேலையைச் செய்திருக்கும். பேட்டரி முனைகளில் பூத்த வெள்ளைப் பொடி, தளர்ந்த கிளாம்ப், மழை நாளில் கிறீச்சிடும் பெல்ட் ஆகியவற்றைக் கண்டுபிடிக்க அதுவும் வேண்டாம், கண்ணும் காதும் போதும். வெயிலில் நின்றுகொண்டு மீட்டரை எடுப்பதற்கு முன் நான் முதலில் பார்ப்பது இப்போதெல்லாம் இவற்றைத்தான்.

புதிய கார்கள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெகட்டிவ் முனையில் சிறு உணரி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும் கார்களில், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கணினியே டைனமோவின் வோல்ட்டேஜை ஏற்றி இறக்குகிறது. அவற்றில் ஓடும்போது 12.8 தெரிவதும், வேகத்தைக் குறைக்கும்போது 14.8 தெரிவதும் இயல்பு; 13.8-க்குக் கீழே இருந்தால் டைனமோ கெட்டது என்ற பழைய கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்களின் பக்கம் எந்த மீட்டரையும் கொண்டுபோகக் கூடாது.

ஒரு காரை மட்டும் வைத்துக்கொண்டு, அதுவும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இந்த மீட்டருக்குச் செலவழிக்கத் தேவையில்லை. காரணம் தெரியாமல் பேட்டரி மீண்டும் மீண்டும் இறங்குகிறது என்றால், இரண்டாவது பேட்டரிக்குக் கொடுக்கப்போகும் அதே பணத்துக்கு இது கிடைக்கிறது. அப்போது இதை வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். வாங்கும்போது மாடல் எண்ணின் கடைசி எழுத்து இ (E) தானா என்று பார்த்து வாங்குங்கள்; இதே வரிசையில், இதே உருவத்தில், ஏசி மின்னோட்டத்தை மட்டும் அளக்கும் மாடல்களும் குறைந்த விலையில் விற்கின்றன, அவற்றால் கார் பேட்டரியில் ஒரு பயனும் இல்லை. பெட்டியைத் திறந்ததும் காரின் நெகட்டிவ் கேபிளில் மாட்டி, முகப்பு விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஹாலஜன் விளக்குகள் என்றால் 8 முதல் 10 ஆம்பியர் வரை தெரிய வேண்டும். பூஜ்யம் தெரிந்தால், உங்கள் கையில் இருப்பது வேறு மாடல்.